மரணத்திலிருந்து பின்னோக்கிக் கேட்கப்படும் ஓர் இசைத்தட்டு: விக்தோர் ஹாராவின் 'அமைதியாய் வாழும் உரிமை' (1971)

அண்மையில் ஒரு கருத்தரங்கின் இடைவேளையில் முதுகலை மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஓர் இசைத்தட்டை ஆவணமாகக் கொள்ள முடியுமா? அதிலுள்ள பாடல் வரிகளைக் கொள்ளலாம். ஆனால் தட்டையே?" அங்கே நின்றபடி ஒரு வரியில் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே ஒரேயொரு தட்டை முன்வைத்து அதைச் சற்று விரிவாக இங்கே எழுதிப் பார்க்கிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

தட்டு, சிலி நாட்டின் பாடகர் விக்தோர் ஹாரா 1971இல் வெளியிட்ட 'எல் தெரேச்சோ தெ விவிர் என் பாஸ்'. தமிழில் 'அமைதியாய் வாழும் உரிமை' எனலாம். பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட எல்.பி. தட்டு அது.

ஹாராவின் பெயரைச் சொன்னதும் நம் வகுப்பறைகளில் முதலில் எழுவது அவர் பாட்டன்று, அவர் சாவு. 1973 செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மறுநாள் தொழில்நுட்ப அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் அவர் கைது செய்யப்பட்டு, சாந்தியாகோவின் உள்ளரங்கமான எஸ்தாதியோ சிலேக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே வதைக்கப்பட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்து இறந்தார். அவருடைய கைகள் வெட்டப்பட்டன என்ற கதை உலகெங்கும் பரவியது. பிணவறையில் உடலை அடையாளம் கண்ட அவருடைய மனைவி ஜோன் ஹாராவின் சாட்சியம் அப்படிச் சொல்லவில்லை. மணிக்கட்டுகள் முறிந்தாற்போல் கைகள் கோணித் தொங்கின என்பதே அவர் கண்டது. உண்மையே போதிய அளவு கொடியது. அதற்கு மிகை தேவையில்லை. ஆயினும் மிகை பிறந்தது. தொன்மம் தோன்றும் இடத்தில் வரலாற்று மாணவர் நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் தொன்மம் காலத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. 1971இல் பதிவான குரலை, 1973இன் பலியாளின் குரலாகவே நாம் கேட்கத் தொடங்குகிறோம். ஒவ்வொரு பாட்டும் மரண சாசனமாக ஒலிக்கிறது.

இப்பதிவின் வாதம் எளியது. இத்தட்டு பலியாளின் தட்டு அன்று. தன் தரப்பு ஆட்சிக்கு வந்துவிட்ட ஒரு கலைஞனின் தட்டு. அப்படிக் கேட்டால்தான் அதன் உண்மையான அரசியல் இடர் நமக்குப் புலப்படும்.

1. எதிர்ப்புப் பாடகன், ஆளும் தரப்பில்

1970 செப்டம்பர் 4 தேர்தலில் மக்கள் ஒற்றுமைக் கூட்டணியின் வேட்பாளர் சால்வதோர் அயெந்தே 36.6 விழுக்காடு வாக்குகளோடு முதலிடம் பெற்றார். அறுதிப் பெரும்பான்மை எவருக்கும் இல்லாததால் முடிவு நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. அதைத் தடுக்கும் சதியின் பகுதியாக, அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக நின்ற படைத் தளபதி ரெனே ஷ்னைடர் அக்டோபர் 22 அன்று சுடப்பட்டு மூன்று நாளில் இறந்தார். அயெந்தே நவம்பர் 3இல் பதவியேற்றார். 1971 ஜூலையில் தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்க்கட்சிகளும் ஆதரித்து வாக்களித்தன என்பதை மறந்துவிடலாகாது.

இத்தேர்தல் வெற்றியில் பாடகர்களுக்கு நேரடிப் பங்குண்டு. பாடலின்றிப் புரட்சி இல்லை என்ற பதாகையின் முன் அயெந்தே இசைக்கலைஞர்களோடு நின்ற காட்சி அக்காலத்தின் அடையாளமாயிற்று. ஆனால் வெற்றிக்குப் பின் ஒரு சிக்கல் எழுகிறது. எதிர்த்துப் பாடிப் பழகிய குரல், தான் தேர்ந்தெடுத்த அரசு ஆளும்போது என்ன பாடுவது? புகழ்மாலை தொடுப்பதா? மௌனம் காப்பதா? நம் நாட்டிலும் கட்சிசார் கலைக்குழுக்கள் இக்கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. பல குழுக்கள் அதற்கு விடை காணாமலே ஓய்ந்தன.

ஹாராவின் விடை இத்தட்டின் வரிசையமைப்பிலேயே இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றுகூட அரசைப் போற்றும் வாழ்த்துப்பா அன்று. 'அப்ரே லா வெந்தானா' ஏழைக் குடியிருப்பில் வாழும் மரியா என்ற பெண்ணைச் சன்னலைத் திறக்கச் சொல்கிறது. 'நி சிச்சா நி லிமோனா', இரு பக்கமும் சாயாமல் இரு பக்கமும் ஆதாயம் தேடுவோரை எள்ளுகிறது. சிச்சா என்பது புளிக்கவைத்த உள்ளூர் மது. அதுவுமில்லை, எலுமிச்சைச் சாறுமில்லை என்பது அத்தலைப்பின் பொருள். நாம் 'மதில்மேல் பூனை' என்று சொல்லும் ஆளைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 'எல் அல்மா யேனா தெ பந்தேராஸ்', 1970இல் சுட்டுக் கொல்லப்பட்ட மிகேல் ஆஞ்ஹெல் அகிலேரா என்ற இளம் பொதுவுடைமையாளருக்கான இரங்கல். இறுதி உருப்படி 'பி.ஆர்.பி.', சுவரோவியம் வரைந்த ரமோனா பார்ரா படையைப் பற்றியது. 1946இல் சாந்தியாகோ ஊர்வலமொன்றில் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் பெயரைத் தாங்கிய குழு அது.

அரசு ஆள்கிறது, ஆனால் பாட்டு இன்னும் தெருவில், குடிசையில், சுவரில் நிற்கிறது. அதுவே அவர் எடுத்த நிலைப்பாடு.

2. கடன் வாங்கிய மெட்டு

'லாஸ் காசித்தாஸ் தெல் பார்ரியோ ஆல்தோ' தனித்துப் பேசத் தக்கது. அமெரிக்கப் பாடலாசிரியர் மால்வினா ரெனால்ட்ஸ் 1962இல் எழுதிய 'லிட்டில் பாக்ஸஸ்' பாட்டின் தழுவல் அது. மூலப்பாட்டு, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற புறநகர் வீடுகளையும் அவற்றில் வாழும் நடுத்தர வர்க்கத்தின் ஒரே அச்சிலான வாழ்வையும் கேலி செய்வது. ஹாரா அதைச் சாந்தியாகோவின் செல்வர் குடியிருப்புக்கு இடம் மாற்றினார். மாற்றும்போது நையாண்டியின் தன்மையே மாறியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக அரசியல் வன்முறை அங்கே நுழைகிறது; தளபதி ஷ்னைடரின் கொலை குறிப்பாகச் சுட்டப்படுகிறது. சிரிக்கத் தொடங்கிய கேட்பவர் நடுவழியில் சிரிப்பை நிறுத்த நேர்கிறது.

ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் ஒரு தட்டில் அமெரிக்க மெட்டு இடம்பெற்றதைப் பலர் முரண் என்பர். நான் அப்படிக் கருதவில்லை. ஹாரா நாட்டை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. ரெனால்ட்ஸின் அமெரிக்கா ஒன்று, வியட்நாமில் குண்டு வீசிய அமெரிக்கா வேறொன்று. 1969இல் அவர் நாடக இயக்குநராக மேகன் டெர்ரியின் 'வியட் ராக்' என்ற அமெரிக்கப் போரெதிர்ப்பு நாடகத்தை மேடையேற்றியவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தட்டின் பிற கடன்களும் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரு பாட்டின் சொற்கள், பிராங்கோவின் சிறையில் 1942இல் இறந்த ஸ்பானியக் கவிஞர் மிகேல் எர்னாந்தெஸுடையவை. ஏர்மாடு ஓட்டும் சிறுவனைப் பற்றியவை. இன்னொன்று பெரு நாட்டின் கறுப்பின அடிமைகளின் மரபுப் பாட்டு. மற்றொன்றின் ஆக்கத்தில் பெருவில் பிறந்த இசையமைப்பாளர் செல்சோ கார்ரிதோ லெக்கா துணைநின்றார். ஸ்பெயின், பெரு, கியூபா, வியட்நாம், அமெரிக்கா ஆகிய ஐந்து நிலங்கள் ஒரு தட்டில் ஒன்றுசேர்கின்றன. நாட்டார் இசை என்றால் தன் மண்ணுக்குள் சுருங்குவது என்ற கருத்தை இத்தட்டு மறுக்கிறது.

3. மின்கிதார் என்னும் சிக்கல்

தலைப்புப் பாட்டே தட்டின் முதற்பாட்டு. வியட்நாம் மக்களையும் ஹோ சி மின்னையும் முன்னிறுத்துவது. கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்த ஹாரிங்டன் தெருவுக்கு ஹோ சி மின் சரணி என்று பெயர் சூட்டப்பட்ட காலமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே பாட்டின் பொருள் இந்திய வாசகருக்குப் புதியதன்று. அதன் ஒலிதான் அக்காலச் சிலியில் புதியது. அப்பாட்டிலும் 'அப்ரே லா வெந்தானா'விலும் ஹாராவுடன் வாசித்தவர்கள் லோஸ் பிளாப்ஸ் என்ற ராக் குழுவினர். மின்கிதாரும் ஆர்கனும் நாட்டார் பாடகனின் குரலுக்குப் பின்னே வந்து சேர்கின்றன.

இது எவ்வளவு துணிவான செயல் என்பதை உணர, அக்கால இடதுசாரிப் பண்பாட்டு அரசியலை நினைவுகூர வேண்டும். 1967 ஜூலையில் பிரேசிலின் சாவோ பாவுலோவில் மின்கிதாருக்கு எதிராகவே ஓர் ஊர்வலம் நடந்தது. எலிஸ் ரெஜினா போன்ற பெரும் பாடகர்கள் அதில் நடந்தனர். பின்னாளில் மின்கிதாரைக் கையிலெடுத்த ஜில்பெர்து ஜில்லும் அவ்வூர்வலத்தில் இருந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. சிலியில் 'புதிய பாடல்' இயக்கத்தினர் சரங்கோ, கேனா முதலிய ஆண்டிஸ் மலைநாட்டுக் கருவிகளைக் கையாண்டதில் ஓர் அறிக்கையே அடங்கியிருந்தது: எங்கள் கண்டம் இது, எங்கள் ஒலி இது என்பதே அவ்வறிக்கை. ராக் இசை அந்நியப் பண்பாட்டுப் படையெடுப்பாகப் பார்க்கப்பட்டது. பிளாப்ஸ் போன்ற நீள்முடி இளைஞர்களைக் கட்சிக்காரர்கள் ஐயத்தோடு நோக்கினர்.

ஹாராவோ நாட்டார் மரபை வெளியிலிருந்து கற்றவர் அல்லர். 1932இல் பிறந்து, லோன்கேன் என்ற சிற்றூரில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். தாய் அமாந்தா ஊர்த் திருமணங்களிலும், இறந்த குழந்தைகளுக்கான இரவு விழிப்புகளிலும் பாடியவர். 1950களின் இறுதியில் வியோலெத்தா பார்ராவின் நட்பும் குன்குமேன் நாட்டார் குழுவில் பெற்ற பயிற்சியும் அவரைச் செதுக்கின. அத்தகைய ஒருவர் மின்கிதாரை ஏற்றபோது, மரபை அறியாதவனின் மயக்கம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியவில்லை. கருவியில் ஏகாதிபத்தியம் இல்லை, அதை யார் எதற்காக மீட்டுகிறார் என்பதிலேயே உண்டு என்ற வாதத்தை அவர் கட்டுரையாக எழுதாமல் தட்டாகப் பதித்தார். தெருவில் ராக் கேட்டு நின்ற இளைஞனைத் திட்டி விரட்டாமல் உள்ளே அழைத்த செயலும் அதுவே.

பறையும் கிதாரும் ஒரே மேடையில் ஒலிக்கும் இன்றைய தமிழ்ச் சூழலில் 'கலப்பு' பற்றி நடக்கும் வாதங்களைப் பார்க்கையில், ஐம்பதாண்டுக்கு முந்தைய இந்தத் தீர்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

4. தட்டு என்னும் பண்டம்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். வரிகள் மட்டும் ஆவணமா, தட்டுமா?

இத்தட்டை வெளியிட்டது டிகாப் என்ற நிறுவனம். பொதுவுடைமை இளைஞர் அமைப்பு 1968இல் கிலாபாயுன் குழுவின் 'வியட்நாமுக்காக' என்ற தட்டை வெளியிட்டதிலிருந்து அது தொடங்குகிறது. வானொலியும் பெருநிறுவனங்களும் இடந்தராத இசைக்குத் தனக்கென ஒரு வழியை அவ்வமைப்பு வகுத்துக்கொண்டது. அதன் எல்.பி. தட்டுகளின் வரிசை எண்ணில் முன்னொட்டாக வரும் 'ஜே.ஜே.' அவ்விளைஞர் அமைப்பின் பெயரெழுத்து. அட்டைகள் பலவற்றை வடிவமைத்தவர்கள் விசென்தே, அந்தோனியோ லார்ரேயா சகோதரர்கள். கட்சி, கலைஞர், ஓவியர், அச்சகம், ஆலை ஆகிய அனைத்தும் இணைந்த ஓர் உற்பத்தி முறையின் தடயங்கள் அந்த அட்டையிலும் நடுச்சீட்டிலும் பதிந்துள்ளன. பாடல் வரிகளை மட்டும் படியெடுத்து ஆராய்பவருக்கு இவை எதுவும் கிட்டா. எந்தப் பாட்டு முதலில், எது இறுதியில், எங்கே கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதும் வரிகளில் இல்லை, பொருளில்தான் உண்டு. மின்னொலியில் தொடங்கிச் சுவரோவியக்காரர்களோடு முடியும் அந்த வரிசை, இணையத்தில் பாட்டுகளைத் தனித்தனியே கேட்பவருக்குத் தென்படாது.

இதைவிட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் டிகாப் அலுவலகம் சூறையாடப்பட்டது. மூல ஒலிநாடாக்கள் அழிக்கப்பட்டன. இத்தகைய தட்டுகளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. பலர் தாமே அவற்றை உடைத்தனர், எரித்தனர், புதைத்தனர். சரங்கோவும் கேனாவும் தடைசெய்யப்பட்டன என்று பரவலாக எழுதப்படுகிறது. முறையான எழுத்துவடிவத் தடையாணை இருந்ததா என்பது ஆய்வாளரிடையே விவாதப் பொருள். ஆனால் அதிகாரிகள் கலைஞர்களை அழைத்து வாய்மொழியாக எச்சரித்தனர், ஒலிபரப்புகளில் அக்கருவிகள் மறைந்தன என்பதற்குச் சாட்சியங்கள் உள்ளன. அச்சம் நிலைத்த இடத்தில் ஆணைக்குத் தேவை இருப்பதில்லை. தடையை அரசிதழில் மட்டும் தேடும் வரலாற்றாளர் அதைக் கண்டடைய மாட்டார்.

அப்படியானால் ஒலி எப்படிப் பிழைத்தது? கவிழ்ப்பின்போது கிலாபாயுன், இன்தி-இல்லிமானி ஆகிய இரு குழுக்களும் ஐரோப்பாவில் இசைப்பயணத்தில் இருந்தன. முன்னது பிரான்சிலும் பின்னது இத்தாலியிலும் புகலடைந்தன. டிகாப் பாரிசிலிருந்து மீண்டும் தட்டுகளை வெளியிட்டது. ஜோன் ஹாரா 1973 அக்டோபரில் இரு மகள்களோடு நாட்டைவிட்டு வெளியேறினார். ஹாராவின் ஒலிநாடாக்களும் வெளியே கடத்தப்பட்டன. உள்நாட்டில் ஒலிநாடாப் பேழைகள் வழியாகக் கைக்குக் கை படிகள் பரவின. மூலநாடா அழிக்கப்பட்ட பின், விற்றுப்போன ஒவ்வொரு தட்டும் மூலத்தின் தகுதியை அடைந்தது. ஆயிரம் வீடுகளில் சிதறிக் கிடந்ததனாலேயே அந்த ஆவணக்காப்பகத்தை ஒரே நாளில் எரிக்க எவராலும் முடியவில்லை.

ஆகவே என் விடை இது: தட்டு ஆவணம் மட்டுமன்று, சில வேளைகளில் எஞ்சியிருக்கும் ஒரே காப்பகமும் அதுவே. தென்னிந்திய விடுதலைப் போராட்டத்தில் கிராமபோன் பாடல்களும் நாடகமும் ஆற்றிய பங்கைச் சு. தியடோர் பாஸ்கரன் 1981லேயே நூலாக எழுதிக் காட்டினார். அவர் திறந்த பாதையில் நம் ஆய்வுகள் போதிய தொலைவு செல்லவில்லை. கட்சிகளும் இயக்கங்களும் வெளியிட்ட தட்டுகளும் பேழைகளும் இன்று பழைய பொருட்கடைகளில் எடைக்குப் போகின்றன. அவற்றை அழிக்க இராணுவம் எதுவும் வரவில்லை. நம் பொருட்படுத்தாமையே போதுமாக இருக்கிறது.

5. ஒரே அரங்கம், மூன்று காலங்கள்

தட்டின் பதினோராம் பாட்டு 'பிளெகாரியா ஆ உன் லப்ரதோர்', 'உழவனுக்கு ஒரு வேண்டுதல்'. 1969 ஜூலையில் நடந்த முதலாம் புதிய சிலிப் பாடல் விழாவில் கிலாபாயுன் குழுவோடு இதைப் பாடி ஹாரா முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிறித்தவ மன்றாட்டின் நடையை எடுத்து, அதை உழவர் ஒற்றுமைக்கான அழைப்பாக மாற்றும் பாட்டு அது. இளமையில் குருமடத்தில் பயின்றவரின் காது அதில் தெரிகிறது. அவ்விழாவின் நிறைவு நடந்த இடம் எஸ்தாதியோ சிலே. நான்காண்டு கழித்து அவர் சிறைவைக்கப்பட்டதும் அதே அரங்கில்தான். இன்று அது விக்தோர் ஹாராவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நீதி மிக மெல்ல வந்தது. 2009இல் உடல் தோண்டியெடுத்து ஆராயப்பட்டு, டிசம்பரில் பல்லாயிரவர் சூழ மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. 1973இல் அதே உடலை அடக்கம் செய்யும்போது உடன் நின்றவர்கள் இரண்டு மூன்று பேரே. 2016இல் ஃபுளோரிடாவின் உரிமையியல் நீதிமன்ற நடுவர்குழு, முன்னாள் இராணுவ அதிகாரி பெத்ரோ பார்ரியெந்தோஸைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம் ஏழு முன்னாள் இராணுவத்தினரின் தண்டனையை உறுதிசெய்தது. அதே நவம்பரில் ஜோன் ஹாரா மறைந்தார். ஐம்பதாண்டுக் காத்திருப்பின் முடிவை அவர் கண்ணால் கண்டார் என்பது ஓரளவு ஆறுதல்.

ஆனால் இப்பதிவை நீதிமன்றத்தில் முடிக்க நான் விரும்பவில்லை. 2019 அக்டோபரில் மெட்ரோ கட்டண உயர்வை ஒட்டிச் சிலியில் மக்கள் எழுச்சி வெடித்தது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படைகள் தெருவுக்கு வந்தன. நாடு போரில் இருக்கிறது என்று குடியரசுத் தலைவர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அக்டோபர் 25 அன்று சாந்தியாகோவின் தேசிய நூலகத்தின் முன் பெருந்திரளானோர் கிதார்களோடு கூடி ஹாராவின் பாடல்களை இசைத்தனர். முதன்மையாக ஒலித்தது 'அமைதியாய் வாழும் உரிமை'. அன்று மாலை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தெருவில் நின்றனர்.

அங்கே பாடியவர்களில் பெரும்பாலோர் 1973க்குப் பின் பிறந்தவர்கள். வியட்நாமுக்காக எழுதப்பட்ட பாட்டைத் தம் தெருவுக்காகப் பாடினார்கள். இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்களாக அவர்கள் தோன்றவில்லை. போர் என்று அரசு சொன்னதற்கு அமைதி என்று மறுமொழி சொல்ல அவர்களுக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. 1971இல் பதிந்து வைக்கப்பட்ட ஒன்று ஆயத்தமாய் இருந்தது. தட்டைச் சாவிலிருந்து பின்னோக்கிக் கேளாமல், பதிவான நாளிலிருந்து முன்னோக்கிக் கேட்டவர்கள் ஆய்வாளர்களான நாமல்லர், அந்த இளைஞர்களே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தாத்தாவின் பரணில், கட்சி அலுவலகத்தின் மூலையில் இத்தகைய தட்டோ பேழையோ இருக்குமாயின், அட்டையின் இருபுறத்தையும் நடுச்சீட்டையும் படமெடுத்து, அதிலுள்ள எண்களைக் குறித்துவையுங்கள். யார் வாங்கினார், எங்கே போட்டுக் கேட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆய்வுத் தலைப்பு பிறகு தானே அமையும். மாற்றுக் கருத்துகளையும் திருத்தங்களையும் பின்னூட்டத்தில் எதிர்பார்க்கிறேன்.